இரண்டு துண்டுகளுக்கு நடுவே

கம்ப்யூட்டர் மூன்றாவது முறையாகப் படுத்தபோது மணி பத்தே கால். முதலில் திரை உறைந்தது. பிறகு அவள் எழுதிய நிரல் "நினைவகம் போதவில்லை" என்ற ஒற்றை வரியை விட்டுவிட்டு நின்றுபோனது.

"என்னம்மா, வந்துச்சா?" என்று கதவருகே தலை நீட்டினார் மருத்துவமனைப் பதிவுப் பிரிவின் தலைவர். எதைக் கேட்டாலும் அவசரம் என்பார். அதனால் முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் அவசரம்தான்.

"ஒரு கோடியே இருபது லட்சம் வரி சார். எப்படி ஏத்தினாலும் இதுக்கு மூச்சு முட்டுது."

"இதுக்கு முட்டினா பரவாயில்லம்மா. வெளியில ஜனங்களுக்கு முட்டப் போகுது. மத்தியானத்துக்குள்ள லிஸ்ட் வேணும்."

அவர் சொன்னதில் மிகை இல்லை. இதயத் துடிப்பைச் சீராக்கும் ஒரு மாத்திரையும், நெஞ்சுத் தொற்றுக்குப் புதிதாக வந்த ஒரு மாத்திரையும் ஒரே உடம்பில் சேர்ந்தால் இதயம் தாளம் தப்பும் என்று அன்று காலைதான் எச்சரிக்கை வந்திருந்தது. மருத்துவமனையும் அதன் கிளைகளும் எட்டு மாதங்களாக யாருக்கு எந்த மருந்தை எந்தத் தேதியில் கொடுத்தன என்பது அடித்தளத்துச் சர்வரில் இருந்தது. அதிலிருந்து இரண்டையும் வாங்கியவர்களைப் பொறுக்கியெடுத்துக் கொடுத்தால், கீழே காத்திருக்கும் நர்ஸுகள் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு எச்சரிப்பார்கள்.

சர்வரைப் பார்த்துக்கொள்பவர் கறாராகச் சொல்லியிருந்தார். "வரிசையா படிச்சுக்கிட்டுப் போ, வேணாங்கல. ஒப்பிடு, சேர், பிரின்னு இங்க வேலை வச்சேன்னா மருந்துக் கவுண்டர் அத்தனையும் நின்னுரும். அப்புறம் வரிசையில நிக்கிறவங்க என்னைத்தான் தேடி வருவாங்க."

துண்டு துண்டாகப் படிப்பதைத் தவிர வழியில்லை. துண்டுக்கு ஒரு லட்சம் வரி என்று வைத்துத்தான் மூன்றாவது முறை ஓட்டியிருந்தாள். அதுவும் ஏன் படுத்தது? தேடிப் பார்த்ததில் புரிந்தது. சர்வருக்கும் அவளுக்கும் நடுவே நின்ற இணைப்பு நிரல், மொத்தப் பதிலையும் அவள் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்து குவித்துவிட்டுத்தான் முதல் துண்டையே நீட்டியது. கடலைக் குவளையால் மொள்ள வந்தவளின் வாசலில் கடலையே கொண்டுவந்து நிறுத்தியதுபோல. பதில் சர்வரிலேயே இருக்கட்டும், கேட்கக் கேட்க மட்டும் கொடு என்று ஓர் அமைப்பை மாற்றினாள்.

ஓடியது. ஒரு துண்டு வரும். இரண்டு மருந்தையும் வாங்கியவர்கள் அதில் இருந்தால் அவர்களுடைய நோயாளி எண்ணை நிரல் குறித்துக்கொள்ளும். துண்டைத் தூக்கியெறியும். அடுத்தது வரும். நினைவகத்தைக் காட்டும் கோடு தூங்கும் குழந்தையின் வயிறுபோல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கே அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் போலிருந்தது.

பன்னிரண்டு மணிக்கு நூற்றிருபது துண்டுகளும் முடிந்தன. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். ஒன்றரை மணிக்குள் நர்ஸுகள் அத்தனை பேரையும் பிடித்துவிட்டார்கள்.

"பிரமாதம்மா. போய் நிதானமா சாப்பிடு" என்றார் அவசரம். அவர் வாயிலிருந்து நிதானம் என்ற சொல்லை அந்தக் கட்டடத்தில் யாரும் அதுவரை கேட்டதில்லை.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்குமுன் அவள் ஒரு சொந்த வேலை பார்த்தாள். அண்ணனின் எண்ணைப் பட்டியலில் தேடினாள். லேத் பட்டறையில் வேலை பார்க்கும் அண்ணனுக்கு இதயத் துடிப்புக் கோளாறு உண்டு. போன மாதம் நெஞ்சில் தொற்றும் வந்து, இப்போதுதான் தேறி வீட்டிலிருந்தான்; மாத்திரை இன்னும் முடியவில்லை. எண் பட்டியலில் இல்லை. இன்னொரு முறை தேடினாள். இல்லை. உடனே அண்ணியைக் கூப்பிட்டாள்.

"அண்ணி, காலையில ஒரு மாத்திரை விஷயம் சொன்னேன்ல, அண்ணன் லிஸ்ட்ல இல்ல."

"நீ சொன்ன பேரு ரெண்டும் மருந்துப் பெட்டியில இருக்கே."

"பேரு ஒரே மாதிரி நூறு இருக்கும் அண்ணி. கோடி வரியைப் பார்த்துட்டு வந்த லிஸ்ட் இது."

"இரு, உங்க அண்ணன் என்னமோ சொல்றாரு. கம்ப்யூட்டர் சொன்னா சரியாம், நீயா சொல்லியிருந்தாத்தான் யோசிக்கணுமாம்." பின்னால் அண்ணனின் சிரிப்பு கேட்டது. "சரி, சாப்பிட்டதும் ரெண்டையும் போடச் சொல்றேன்."

முதல் கவளத்தை எடுத்தவள் அதை டப்பாவிலேயே திரும்ப வைத்தாள். பெட்டியில் இரண்டும் இருக்கிறது என்றால்? இதய மாத்திரையை அண்ணி மாதா மாதம் இரண்டாம் தேதி வாங்குவாள். தொற்று மாத்திரையை வாங்கியது பத்தொன்பதாம் தேதி. அது நன்றாக நினைவிருந்தது, வரிசையில் நின்றவளே இவள்தான். மருந்துச் சீட்டைக் கவுண்டரில் நீட்டியவள், இன்று அதே சீட்டின் வரியைக் காணோம் என்று நிம்மதிப்பட்டிருக்கிறாள்.

ஒரு நாளைக்கு ஐம்பதாயிரம் வரி. ஒரு லட்சம் என்றால் இரண்டு நாள். பத்தொன்பதாம் தேதியின் துண்டு வந்தபோது, இரண்டாம் தேதியின் துண்டை நிரல் எப்போதோ தூக்கியெறிந்திருந்தது. இரண்டு மருந்தையும் ஒரே சமயத்தில் வாங்கியவர்கள் மட்டும் அகப்பட்டார்கள். வேறு வேறு நாளில் வாங்கியவர்கள் துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே நழுவிப்போனார்கள்.

அண்ணியின் போன் அடித்து ஓய்ந்தது. அண்ணனுடையதும். "மாத்திரை போட வேண்டாம்" என்று இருவருக்கும் செய்தி அனுப்பினாள். பஸ் பிடித்தால் வீட்டுக்கு முக்கால் மணி நேரம். படி வரை ஓடினாள். பிறகு திரும்பி அவசரத்தின் அறைக்குள் நுழைந்தாள்.

"சார், லிஸ்ட் தப்பு."

"எத்தனை பேரு தப்பா வந்துட்டாங்க?"

"வந்தவங்க சரிதான் சார். வராதவங்கதான்..."

"மேல முந்நூத்திப் பன்னிரண்டுன்னு சொல்லிட்டேனேம்மா." அவர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். "எத்தனை பேர் விட்டுப்போயிருக்கும்?"

"தெரியல சார்."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. "ஓடு" என்று மட்டும் சொல்லிவிட்டு, மேலிடத்துக்குச் சொல்லப் போனை எடுத்தார்.

திருத்தம் பத்தே வரிதான். துண்டை எறியலாம், ஆனால் எறியுமுன் யார் எந்த மாத்திரையை வாங்கினார் என்பதை மட்டும் ஒரு சின்னக் குறிப்பில் எழுதி, கடைசி வரை கையில் வைத்திருக்க வேண்டும். நோயாளியின் எண்ணும் இரண்டு குறியும். லட்சக்கணக்கில் இருந்தாலும் நினைவகத்தில் ஒரு மூலைக்குக் காணாது. கோடு மறுபடி ஏறி இறங்கியது. இந்த முறை அதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

எழுபதாவது துண்டின்போது அண்ணி கூப்பிட்டாள். "போன் உள்ளே சார்ஜில கிடந்துச்சு. இப்பதான் பார்த்தேன். போட்டுட்டாரே. நீதானே சரின்னே?"

"எப்படி இருக்கான்?"

"நெஞ்சு படபடங்குதாம். அது எப்பவும் உள்ளதுதானேங்குறாரு."

"இல்ல அண்ணி. உடனே கூட்டிட்டு இங்க வாங்க. ப்ளீஸ்."

மூன்றேகாலுக்குப் புதுப் பட்டியல் வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறு. அண்ணன் எண்ணூற்றுப் பதினொன்றாவது வரியில் இருந்தான். அச்சடித்த தாள்களோடு கீழே ஓடினாள். தலைமை நர்ஸ் தாள்களைப் பிரித்துக் கொடுத்தபடியே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"மத்தியானம் போன்ல ஒரு அம்மா கேட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரரும் இதே ரெண்டும்தான் சாப்பிடுறாரு, சொல்லட்டுமான்னு. பேரைக் கேட்டுப் பார்த்தேன். லிஸ்ட்ல இல்லைன்னா பயமில்லம்மான்னு சொல்லிட்டேன்."

அதேபோல்தான் அவளும் சொல்லியிருந்தாள்.

"பேர் ஞாபகம் இருக்காக்கா?"

இருந்தது. பட்டியலின் நான்காம் பக்கத்தில் அவரும் இருந்தார். வயது அறுபத்திரண்டு.

அப்போது அண்ணன் வாசலில் வந்து இறங்கினான். சக்கர நாற்காலி வேண்டாம் என்று சண்டை போட்டுவிட்டு, அதில்தான் உட்கார்ந்து வந்தான். உதடு வெளுத்திருந்தது. "கம்ப்யூட்டரை நம்பினேன் பாரு" என்றான். அவளைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தான். டாக்டர் இதயத் துடிப்பின் தாளை நீளமாக இழுத்துப் பார்த்து, "ராத்திரி இங்கேயே இருக்கட்டும், கண்காணிப்புல வச்சுக்கணும்" என்றார். அண்ணி அவன் கூடவே போனாள். இவள் பக்கம் திரும்பவில்லை.

அவள் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்து நான்காம் பக்கத்து எண்ணை அழுத்தினாள். ஒரு பெண் எடுத்தாள்.

"அவரா? சாப்பிட்டு மாத்திரை போட்டுட்டுப் படுத்தாரு. தூங்குறாரு."

"எழுப்புங்கம்மா."

"எழுந்ததும் கூப்பிடச் சொல்லட்டுமா?"

"இப்பவே எழுப்புங்க. நான் லைன்லயே இருக்கேன்."

போன் ஏதோ மரப்பலகையின் மேல் வைக்கப்படும் சத்தம். செருப்பில்லாத காலடிகள் தூரமாய்ப் போயின. ஒரு கதவு திறந்தது. பிறகு அந்தப் பெண்ணின் குரல், முதலில் சாதாரணமாக, "என்னங்க" என்றது. சிறிது இடைவெளி. மறுபடியும், கொஞ்சம் சத்தமாக, "என்னங்க".

அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூன்றாவது முறை அந்தக் குரல் வருமா, அதற்கு முன்னால் ஓர் ஆண் குரல் பதில் சொல்லுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.