துயரத்தில் இயங்கும் கருவி

கரம்பொன் ஊரில் துயரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் அதை ஒரு தொழிலாகவே எடுத்துச் செய்தவன் றஜீபன் மட்டும்தான். கணினிப் படிப்பைப் பாதியில் விட்டான். பிறகு ஊர்காவற்றுறையில் ஓர் ஐஸ் தொழிற்சாலையில் இரவு வேலை. குளிரில் பல் அடிக்கிறது என்று அதையும் விட்டான். விட்டவற்றைப் பற்றி யோசிப்பதே முழுநேர வேலையாகியிருந்த காலத்தில், கனடாவிலிருந்த மச்சான் தியானத்துக்கென்று வாங்கி, தியானம் பிடிபடாமல், ஒரு நெற்றிப்பட்டியை அவனுக்கு அனுப்பிவைத்தான்.

பட்டியை மாட்டினால் உள்பக்கத்து உணரிகள் மூளையின் மின்னதிர்வைப் பிடித்து மடிக்கணினிக்கு அனுப்பும். அதைச் சுரமாக மாற்ற றஜீபன் ஒரு நிரல் எழுதினான். முதலில் வந்தது காதைச் சுற்றிப் பறக்கும் நுளம்புச் சத்தம். பிறகு, விட்ட படிப்பை நினைத்தான். வயலின் போல ஒன்று எழும்பியது. தொழிற்சாலை மேற்பார்வையாளரை நினைத்தான், மத்தளம் அதிர்ந்தது. தன்னுடைய வேதனை உயர்ந்த தரமானது என்று அவனுக்கு முன்பே ஒரு சந்தேகம் உண்டு. இப்போது கருவியே ஒப்புக்கொண்டுவிட்டது.

அக்கா மேனுகாவுக்கு வேதனையின் தரத்தில் அக்கறையில்லை. தொழிற்சாலையில் மறுபடி ஆள் எடுக்கிறார்கள் என்று அறிந்து, இவனுக்காகச் சொல்லியும் வைத்துவிட்டாள். சண்டை பிடித்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். கோயில் பூங்காவனத் திருவிழாவில் இவனை மேடையேற்ற, அன்றைய செலவை ஏற்ற உபயகாரர் சம்மதித்தால், அவள் வேலைப் பேச்சையே எடுக்கமாட்டாள். இல்லையென்றால் திங்கட்கிழமையிலிருந்து இரவு வேலை.

உபயகாரர் பரராசசிங்கம் சனிக்கிழமை காலை வாசிகசாலைக்கு வரச் சொன்னார்.

சனிக்கிழமை என்பதில்தான் பிழை வந்தது. அந்த வீட்டில் சனிக்கிழமையில் எண்ணெய் வைத்து முழுகாமல் எந்த ஆண்பிள்ளையும் படலையைத் தாண்ட முடியாது. தான் கலைஞன் என்று சொல்லிப் பார்த்தான். அக்கா அவன் உச்சியில் நல்லெண்ணெயை ஊற்றித் தேய்த்தாள். அவசரத்தில் அவன் அதைச் சரியாகக் கழுவவும் இல்லை.

வாசிகசாலையில் பட்டி நெற்றியில் வழுக்கியது. துடைக்கத் துடைக்க எண்ணெய் இறங்கியது. திரை, தொடர்பில்லை என்றது. படிப்பு, தொழிற்சாலை, திரும்பிப் பார்க்காத பெண்கள் என்று எல்லாவற்றையும் வரிசையாக நினைத்தான். ஒரு சத்தமும் இல்லை. அவனுடைய வாழ்க்கையைக் கருவி மிகச் சரியாக வாசித்துக் காட்டியது அப்போதாகத்தான் இருக்கும்.

தனக்குப் போட்டுப் பார்க்கும்படி சொன்னார் பரராசசிங்கம். பீனிசக்காரர், எண்ணெயின் பக்கமே போகமாட்டார். கச்சான் கடலைச் சரையைக் கையில் வைத்துக்கொண்டே நெற்றியைக் கொடுத்தார்.

வயலின் எழும்பியது. அதன் கீழே மத்தளம். இடையிடையே, றஜீபனுக்கு ஒருநாளும் வசப்படாத ஒரு குழைவு. பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். இவ்வளவு பெரிய சோகத்தை இந்த மனிதர் எங்கே ஒளித்துவைத்திருந்தார்? றஜீபனுக்குப் பொறாமையாக இருந்தது.

"ஐயா, என்னத்தை நினைச்சனீங்கள்?"

"ஒண்டும் நினைக்கேல்லைத் தம்பி. இந்தக் கச்சான் கொஞ்சம் காறுது."

சொல்லிவிட்டு வாயை மூடினார். இசை நின்றது. அடுத்த கச்சானைப் போட்டு மென்றார். இசை வந்தது.

றஜீபன் மடையன் அல்லன். மடையனாக இருந்திருந்தால் அந்த இடத்தில் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பான். மூளையின் அதிர்வைவிடத் தாடைத் தசையின் அதிர்வு மிகப் பெரியது. அதை வடிகட்டியிருக்க வேண்டும். எப்படி என்பது அவன் விட்டுவந்த மற்றப் பாதிப் படிப்பில் இருந்திருக்கும். கவலைப்படும்போது பல்லைக் கடிப்பது அவன் வழக்கம். ஆக, இத்தனை நாளும் வாசித்தது மனம் அல்ல, கடைவாய்ப்பல்.

பரராசசிங்கத்துக்கு இந்த விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை.

"பூங்காவனத்துக்கு வைப்பம்," என்றார். "நான் வாசிக்கிறன். நீர் பக்கத்தில இருந்து கச்சான் உடைச்சுத் தாரும்."

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள், உபயகாரர் மேடை தருகிறாரா என்று. தருகிறார் என்றான்.

"உனக்கோ?"

பொய் சொல்ல நல்ல இடம். பல்லைக் கடித்துப் பார்த்தான், பொய் வரவில்லை.

"அவர்தான் வாசிக்கிறார். நான் கச்சான் உடைக்கிறன்."

அக்கா சிரிக்கவில்லை. அவளுடைய பெருந்தன்மை அவ்வளவுதான். கட்டிலுக்கடியில் கிடந்த அவனுடைய வேலைச் சப்பாத்தை எடுத்து வெயிலில் வைத்தாள்.

திங்கட்கிழமை பின்னேரம் அவன் ஷாம்பு போட்டு இரண்டு தரம் முழுகினான். தொழிற்சாலைக் குளிர் அறையில் விடியும்வரை பல் அடித்துக்கொண்டே இருக்கும். பட்டியைச் சாப்பாட்டுப் பையின் அடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான்.