ஜெபமலர் கை தூக்கினாள்

நல்லதம்பி அன்றைக்கு எப்படியும் சொல்லியே ஆக வேண்டும். திங்கட்கிழமை வீடு பார்க்க ஆள் வருகிறது. மேலகரத்து வீட்டை வாடகைக்குக் கேட்கும் பாங்க் மேனேஜர், மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து அடுப்படியிலிருந்து மொட்டைமாடி வரை பார்ப்பார். அப்போது தன் மனைவி ஜெபமலர் வாசலில் நின்று, "நீங்கள்லாம் யாரு?" என்று கேட்டால் என்ன கதி? சென்னையில் இருக்கும் மகன் ஜெஸ்வினிடம், "வந்திருதோம்லே, இனிமே உங்ககூடத்தான்" என்று போன மாதமே போனில் வாக்குக் கொடுத்தாயிற்று. வீட்டுக்காரிக்கு மட்டும் இன்னும் தெரியாது. முப்பத்தாறு வருஷமாகக் கூடவே இருப்பவளிடம் ஒரு சேதி சொல்ல மனுஷனுக்கு அவ்வளவு பயம்!

வனத்துறையும் டவுனிலுள்ள ஓர் இயற்கை மன்றமும் சேர்ந்து, ஐந்தருவிக்கு அந்தப் பக்கம் உள்ள காட்டுப் பாதையில் குடும்பத்தோடு நடக்க இலவசமாகக் கூப்பிடுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் சேதி வந்ததும் அவருக்கு ஒரு யோசனை தட்டியது. காற்றோட்டமாக நடக்கையில், அவள் மனசு குளிர்ந்திருக்கும் நேரம் பார்த்து மெல்லச் சொல்லிவிடலாம். "சனிக்கிழமை கெளம்பி நில்லு, குத்தாலம் போறோம்" என்றார். எதற்கு, எங்கே என்று அவளும் கேட்கவில்லை. குற்றாலம் என்ற சொல்லே அவளுக்குப் போதும்.

அங்கேதான் கூத்து. நேச்சர் டே என்று என்னதான் கொட்டை எழுத்தில் போட்டாலும், குற்றாலம் என்றால் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ஒரே அர்த்தம்தான். காட்டு கேட்டில் நின்ற வனக்காவலர் பிச்சையா, வந்த கூட்டத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்துவிட்டார். ஒரு குடும்பம் பாக்கியில்லாமல் துண்டு, மாற்றுத்துணி, நல்லெண்ணெய், சீயக்காய். ஜெபமலர் கையில் புளிச்சோறும் அவித்த முட்டையும் நிறைந்த தூக்குவாளி. ஏட்டு உச்சிமாகாளி குடும்பமோ பிரியாணிக் குண்டானையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தது.

"ஏன் அண்ணாச்சி, காட்டுக்குள்ள நடக்கதுக்குன்னு சொல்லித்தான போட்டிருந்தோம்? குளிக்கதுக்கா வந்திய?" என்றார் பிச்சையா.

"குத்தாலத்துக்கு வந்துட்டுக் குளிக்காமப் போவச் சொல்லுதீரோ?" என்று ஏட்டு எகிறினார். "ஒம்ம காட்டைப் பாத்துட்டு அங்கனதான் போவணும். எண்ணெய் தேச்சுட்டு வராம விட்டோமேன்னு சந்தோசப்படும்."

குரங்கு கிட்டே நெருங்குவதற்குள் எல்லாச் சட்டியையும் வாளியையும் பிச்சையாவின் அறைக்குள் அடுக்கிப் பூட்டினார்கள். தண்ணீர் பாட்டில் மட்டும் போதும் என்றாள் சனோபர். கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கும் பெண். அவள்தான் கூட்டத்தை நடத்திக்கொண்டு போகிறவள்.

நடக்க ஆரம்பித்ததும் சாரல் பிடித்துக்கொண்டது. ஆனி மாதச் சாரல் நனைப்பதே தெரியாது, கொஞ்ச நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்கும். நல்லதம்பிக்கு அந்த வாசம் மூக்கில் ஏறியதுமே சொல்ல வந்தது தொண்டையோடு நின்றுபோயிற்று.

அவர் தென்காசியில் பெயின்ட் கடை வைத்திருந்தவர். ஊரே சீசன் சீசன் என்று கல்லா கட்டும் மாதங்களில் அவர் மட்டும் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். ஈரத்தில் எவன் சுவருக்குப் பெயின்ட் அடிப்பான்? ஆனால் வியாபாரம் படுத்துக் கிடந்த அந்த ஆனியும் ஆடியும்தான் அவர் ஆயுசிலேயே நன்றாக இருந்த மாதங்கள். மத்தியானமே ஷட்டரை இழுத்துவிட்டு, மொபட்டில் ஜெபமலரை ஏற்றிக்கொண்டு குற்றாலம் வந்துவிடுவார். பிறகு ஜெஸ்வின் பிறந்தான். துண்டில் சுற்றிக்கொண்டு வந்த பிள்ளை அருவிச் சத்தத்துக்கு வீல் வீல் என்று கத்தியதும், இரண்டு பேரும் மாறி மாறி அவனைத் தூக்கிக்கொண்டு நின்றதும் நேற்றுப்போல இருக்கிறது.

"ஏங்க, கல்யாணமான வருசம் மெயின் அருவியில நீங்க எவ்வளவு நேரம் நின்னிய, ஞாவகம் இருக்கா?" என்றாள் ஜெபமலர்.

"கால் இன்னும் வலிக்கிட்டி."

மறக்குமா? பெண்கள் பக்கத்துக்கு எதிரே, தோளில் பெண்டாட்டியின் சேலையும் கையில் அவள் செருப்புமாகக் காத்து நிற்கும் புருஷன்மார் வரிசை இன்றைக்கும் உண்டு. புதுமாப்பிள்ளை நல்லதம்பி அதில் நின்று நின்று, இவள் அருவிக்குள்ளேயே குடித்தனம் போய்விட்டாளோ என்று நினைத்தார். கடைசியில் உதடு நீலம் பாரித்து, பல் தந்தியடிக்க வெளியே வந்தவள், "இன்னொரு தடவ போய்ட்டு வரட்டா?" என்றாள். போய்த் தொலை என்று வாய்தான் சொன்னது, மனசெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பு இப்போதும் வந்தது. இந்த நேரத்தில் சென்னைப் பேச்சை எப்படி எடுப்பது?

ஏற்றம் வந்தது. அவருக்கு மூச்சு வாங்கியது. முன்னால் போன ஜெபமலர் சட்டென்று திரும்பி அவர் நெஞ்சைத்தான் பார்த்தாள், முகத்தை அல்ல. அந்தப் பார்வைதான் அவரைக் கொல்கிறது. போன வருஷம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோது, அவள் காலில் செருப்பில்லாமல், சேலை எங்கே போகிறதென்று தெரியாமல் தெருவில் ஓடியதைக் கிடந்தபடியே வாசல் வழியாகப் பார்த்தார். வலியை மறந்துவிட்டார். அவள் ஓடியதை மறக்க முடியவில்லை. இன்னொரு தடவை அவளை அப்படி ஓடவிடக்கூடாது என்றுதான் மகனிடம் சரி என்றார்.

"மலரு, உங்கிட்ட ஒண்ணு..."

"ஸ்ஸ்..." சனோபர் விரலை உதட்டில் வைத்தாள். மரக்கூட்டத்துக்குள்ளிருந்து யாரோ சாவகாசமாகச் சீட்டியடிப்பதுபோல் ஒரு சத்தம். "ஆளு இல்ல, அது குருவி" என்றாள்.

"ஆளக் காணல, சீட்டி மட்டும் கேக்கு. இப்பிடித்தான் ஒருத்தன ஸ்டேசன்ல புடிச்சு வச்சிருந்தோம்" என்றார் ஏட்டு. கூட்டம் சிரித்தது. நல்லதம்பியும் சிரித்துத் தொலைத்தார்.

ஓடைக்கரையில், வெளிறிய பட்டையோடு ஒரு நீர்மருது நின்றது. கிளையெல்லாம் ஓடைமேல் சாய்ந்திருந்தது. சனோபர் அதன் அடியில் எல்லாரையும் நிறுத்தினாள்.

"ஒரு குடும்பத்துக்கு ஒரு மரம். மாசம் ஒருநாள் வந்து, தளிர் விட்டிருக்கா, பூத்திருக்கா, காய்ச்சிருக்கான்னு பாத்துச் சொல்லணும். ஒரு வருசம் விடாம வரணும். மொதல்ல இந்த மரம். யாரு எடுக்கிய?"

கூட்டம் தரையைப் பார்த்தது. ஏட்டு, "என்னை எப்ப பந்தோபஸ்துல போடுவான்னு எனக்கே தெரியாதே டீச்சர்" என்று நழுவினார். அப்போது ஒரு கை உயர்ந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, அக்குள் தெரிய, உச்சிக்கு நீட்டிய கை. ஜெபமலர்!

"நாங்க எடுக்கோம்மா. இந்தா கெடக்கு மேலகரம். எங்க ரெண்டு பேருக்கும் வேற என்ன சோலி? இதச் சாக்கு வச்சு இவியளும் நடப்பாவ. டாக்டரும் அதத்தான சொல்லுதாரு."

சனோபருக்கு முகமெல்லாம் சந்தோஷம். "அங்கிள், ஒரு வருசம் நிச்சயமா வருவியல்லா?" என்று அவரைப் பார்த்துக் கேட்டாள்.

தலையை ஆட்டியிருக்கலாம். கம்பெனியிலிருந்தே கிளம்பாத பெயின்ட் டப்பாவுக்கு, "நாளைக்குக் காலைல வந்திரும் அண்ணாச்சி" என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்தான் அது. ஆனால் அந்தத் தூக்கிய கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொய் வரவில்லை.

"நாங்க இருக்க மாட்டோம்மா. சென்னைக்குப் போறோம், மகன்கிட்ட. அடுத்த மாசம்."

ஜெபமலரின் கை மெல்ல இறங்கியது. முந்தானையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். "அப்பம் வேற யாருக்காவது குடும்மா" என்று சனோபரிடம் சொல்லிவிட்டு, பாதையைப் பார்த்து நடந்தாள். நாலு பேர் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்கிறவள் இல்லை அவள். நல்லதம்பி பின்னாலேயே போனார்.

கூட்டம் முன்னால் போக, இரண்டு பேரும் பின்தங்கினார்கள்.

"எப்பம் முடிவாச்சு?"

"போன மாசம்."

"வீடு?"

"ஒரு பாங்க் மேனேஜர் கேக்காரு. திங்கக்கெழம பாக்க வாராரு."

"அடுப்படியும் பாப்பாவளோ?"

"பாப்பாவதான்..."

"நான் அங்கனயே நின்னு அவியளுக்குக் காப்பி போட்டுக் குடுக்கணுமாக்கும்!"

"உனக்காகத்தான்ட்டி சொன்னேன்" என்றார். "அன்னைக்கு நீ தெருவுல ஓடுனியே... என்னால அத இன்னொரு தடவ பாக்க முடியாது."

ஜெபமலர் நின்றுவிட்டாள். "ஓடுனேன். மேலகரத்துல ஓடுனேன். நான் கூப்பாடு போட்டதும் மாவுக்கடை இசக்கிச்செல்வி போட்டது போட்டபடி வந்தா. எந்தப் புள்ளையோ ஓடி ஆட்டோவத் திருப்பிக் கொண்டாந்துச்சு. ஒரு தெருவே ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுச்சு. ஜெஸ்வினும் மருமவ ஷெர்லினும் காலையில போனா ராத்திரிதான் வீடு வருதாவ. நெஞ்சுவலி என்ன, லீவு பாத்தா வரும்? அங்க பதினோராவது மாடியில இருந்துக்கிட்டு நான் எந்தத் தெருவுல ஓட, சொல்லுங்க!"

 பாவம், இத்தனை நாள் ராப்பகலாக யோசித்த நல்லதம்பிக்கு இது மட்டும் தோன்றவே இல்லை.

"அதுகூடப் போட்டும்" என்றாள் ஜெபமலர். இப்போது கண் நிறைந்துவிட்டது. "ஒரு வார்த்த கேட்டிருந்தா வந்திருப்பேன். மகன் வீடுதான? மாட்டேன்னா சொல்லப் போறேன்? எதைக் கேட்டிருக்கிய நீங்க? கடைய மூடும்போது கேட்டியளா? வீட்டுக்குப் பச்சக் கலர் அடிச்சியளே, கடையில மிஞ்சிக் கெடந்துச்சுன்னு... எனக்கு அந்தப் பச்ச புடிக்கவே புடிக்காது, தெரியுமா உங்களுக்கு?"

ஊருக்கெல்லாம் ஷேட் கார்டை விரித்து, "எந்தக் கலர் வேணும், பாத்துச் சொல்லுங்க" என்று கேட்ட மனுஷன்! அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

"இப்பக் கேக்கட்டா?"

"கேளுங்க."

பழக்கமில்லாத வேலை. வேட்டியை ஒருதரம் அவிழ்த்துக் கட்டிக்கொண்டார். "மலரு... நாம சென்னைக்குப் போவோமா?"

"மாட்டேன்."

"இந்தா இப்பத்தான கேட்டா வந்திருப்பேன்ன?"

"அப்பம் கேட்டிருந்தா உங்களுக்காவ வந்திருப்பேன். இப்பம் என்னையக் கேட்டிய, அதான் உள்ளதச் சொல்லுதேன்."

கேட்டுக்குத் திரும்பியதும்தான் போனில் சிக்னல் எட்டிப் பார்த்தது. அறையைத் திறந்து பிச்சையா சட்டிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஏட்டு குடும்பத்தார் பிரியாணிக் குண்டானின் மூடியைத் திறக்க, கூட்டமே அந்தப் பக்கம் திரும்பியது. நல்லதம்பி ஓரமாகப் போய் மகனைக் கூப்பிட்டார். ஜெபமலர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏலே, உங்கம்மாட்ட கேட்டேன். வரமாட்டேங்கா."

"அம்மா அப்படித்தான்ப்பா சொல்லுவாங்க" என்றான் ஜெஸ்வின். "அத விடுங்க, நீங்க சொல்லுங்க. உங்களுக்கு இங்க வரணும்னு இருக்கா, இல்லையா?"

நல்லதம்பி ஜெபமலரைப் பார்த்தார்.  யாருக்கு எது நல்லது என்றே இத்தனை நாள் ஓடியிருக்கிறது; தனக்கு என்ன வேண்டும் என்று அவர் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அந்தப் பக்கம் அருவி இரைந்துகொண்டிருந்தது. குளிக்கப் போகிறவர்கள் துண்டும் எண்ணெயுமாகச் சாரலில் சிரித்துக்கொண்டு போனார்கள். அவருக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"இல்லலே" என்றார். "எனக்கு இங்கனதாம்லே இருக்கணும். பயமாத்தான் இருக்கு. ஆனா இங்கனதான் இருக்கணும்."



"இத மொதல்லயே சொல்லிருக்கலாம்லாப்பா?"

"நீயும் கேக்கலியேலே" என்றார் நல்லதம்பி.