ஏழாம் தெருக் குழியின் மனு

செம்பலூர் நகராட்சியில் குறைகள் நேரில் வந்தால்தான் மனு வாங்குவார்கள். எரியாத விளக்குக்காகத் தெருக்காரர் மட்டும் வந்து நின்றால் செல்லாது. விளக்கும் கூட வரவேண்டும். ஆகவே திங்கட்கிழமை காலை செண்பகவல்லி தன் தெருக் குழியைப் பாய்போலச் சுருட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறினாள். கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, யாராவது விழுந்துவைக்கப் போகிறார்கள், ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள் அக்கா என்றார்.

விஷயம் தண்ணீர்தான். குழிக்குப் பயந்து தண்ணீர் லாரி ஏழாம் தெருவுக்குள் வருவதில்லை. இட்லி மாவு விற்கிற செண்பகவல்லியின் கிரைண்டர் ஒன்பது நாளாகச் சும்மா கிடந்தது.

மனு வாங்கும் இன்பராஜ் முன்னுரிமை கொடுக்கும் முறை எளிது. சத்தம் அதிகம் போடுகிறவர் முதலில். உடைந்த குடிநீர்க் குழாய் வந்ததிலிருந்து தேம்பிக்கொண்டே இருந்ததால் அதற்கு நாற்காலி போட்டிருந்தார்கள். குழிக்கு வாய் பெரிதே தவிர பேச்சு வராது. டோக்கன் முப்பத்தொன்று கிடைத்தது.

பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டு ரோசம்மா போன் செய்தாள்.

"ஏ வல்லி, லாரி உள்ள வந்துட்டுதுடி. ரோடு மாவு வழிச்ச மாதிரி கிடக்கு. குழியை எங்க?"

"எம் பக்கத்துலதான் உக்காந்திருக்கு."

"அங்கயே இருக்கட்டும். எந்திரிக்க விட்றாத."

அதில் ஒரு சிக்கல் இருந்தது. மனு வாங்கிய கையோடு குறையை அதன் பழைய இடத்துக்கே அனுப்பிவிடுவார்கள். பார்வையிட ஆள் வர மழைக்காலம் முடியவேண்டும். எனவே குழியின் முறை வரவே கூடாது. இன்பராஜ் முப்பத்தொன்று என்றதும், பின்னால் நின்ற குப்பைத்தொட்டியைக் காட்டி, பாவம் சார், அதுக்கு மூச்சு முட்டுது, முதலில் அதை விடுங்கள் என்றாள். அடுத்து வந்த சாக்கடைக்கும் அப்படியே. மறுநாளிலிருந்து தெருவே முறைவைத்துக் குழிக்குத் துணையிருந்தது. கிரைண்டர் மறுபடி ஓடியது.

மூன்றாம் வாரம், செண்பகவல்லி துணையிருந்த நாளில், ஒலிபெருக்கி கரகரத்தது. இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், நன்னடத்தையை முன்னிட்டு இன்றைய முதல் மனு ஏழாம் தெருக் குழியினுடையது. அந்நேரம் அங்கே தண்ணீர் லாரி ஏழாம் தெருவுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. இன்பராஜ் பேனாவைத் திறந்துவிட்டார்.

செண்பகவல்லி திரும்பிப் பார்த்தாள். பின்னால் அல்லிக்கொடியும் ஈரமுமாக ஓர் ஏரி, அலுங்காமல் நின்றுகொண்டிருந்தது.

"சார், வயசானவங்க நிக்கிறாங்க. அவங்களைக் கேளுங்க."

இன்பராஜுக்கு அது நியாயமாகப் பட்டது. குறை என்ன என்று கேட்டார். இருந்த இடத்தைக் காணவில்லை என்றது ஏரி.

"பழைய விலாசம்?"

"இந்த இடந்தான் தம்பி."

அவர் எழுதிக்கொண்டார். முத்திரை குத்தினார். வாங்கிய மனுவை விதிப்படி அனுப்பவேண்டுமல்லவா, ஆகவே பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு, வரலாம் என்று ஏரிக்குக் கையசைத்தார்.

செண்பகவல்லி குழியை நனையாமல் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, பெஞ்சில் சற்று நகர்ந்து, ஒரு கெண்டை மீனுக்கு இடம் விட்டாள்.