கடலூர்க் கத்திரிக்காய்

தூக்கு நிறைய இட்லி மாவை வெண்மதி புழக்கடை வாழை மரத்தடியில் கவிழ்த்தாள். அந்த நேரத்தில் அவளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும், ஆனால் வரவில்லை. மாவு எவ்வளவு பதமாகப் பொங்கியிருக்கிறது என்றுதான் பார்த்தாள். அரைத்தவள் காலையிலேயே செத்துப்போய்க் கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் கிடக்கிறாள். அவள் அரைத்த மாவு மட்டும் வேளை தப்பாமல் விளிம்பு வரைக்கும் எழும்பி நின்றிருந்தது. சிதம்பரத்தில் வெண்மதி அரைக்கிற மாவு ஒரு நாள் புளித்துப்போகும், இன்னொரு நாள் அசையாமல் கல்லாகக் கிடக்கும்.

"எல்லாத்தையும் கொட்டிடும்மா. ஆக்குனது அரைச்சது எதுவும் இருக்கக் கூடாது. எடுத்த பொறவு கழுவி உட்டுதான் அடுப்பு பத்த வைக்கணும்" என்று பின்கட்டிலிருந்து இருசம்மாள் குரல் கொடுத்தாள். அவள் மாமியாரின் தங்கை. மாமியார் போன பிறகு இந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு முறை சொல்ல அவள்தான் இருந்தாள்.

செத்துப்போன பெரியநாயகி வெண்மதிக்கு ஓரகத்தி. கணவன் உத்திராபதியின் அண்ணன் அன்பரசுவுக்கு மனைவி. வயது நாற்பத்தேழு, குடிகாட்டுப் பக்கம் வி.ஏ.ஓ. உத்தியோகம். காலை ஆறரைக்கு மூன்று டிபன் பாக்ஸையும் கட்டி மூடிவிட்டு, "மூச்சு ஒரு மாதிரியா இருக்குதுங்க" என்று நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. போன் வந்ததும் வெண்மதியும் உத்திராபதியும் சிதம்பரத்திலிருந்து கார் பிடித்தார்கள். வழியில் ஹாஸ்டலில் இருந்த பெரியநாயகியின் மகள் சுவேதாவையும் ஏற்றிக்கொண்டார்கள். வெண்மதியின் வீட்டிலிருந்து சுவேதாவின் கல்லூரிக்கு நடந்தே போகலாம். "சித்திக்கு எதுக்கு செரமம்" என்று சொல்லிப் பெண்ணை ஹாஸ்டலில் சேர்த்த பெரியநாயகி, வெண்மதியின் ஒரே பிள்ளை சித்தார்த்தை மட்டும் பதினொன்றாம் வகுப்புக்குக் கடலூருக்கு அழைத்து வைத்துக்கொண்டாள். அந்தக் கணக்கு வெண்மதிக்கு இரண்டு வருடமாக நெஞ்சில் முள்ளாகத்தான் இருந்தது.

நாலு தலை சேர்ந்தாலும் சேரும், நாலு முலை சேராது என்று பழமொழி சும்மாவா வந்தது? இதில் பெரியநாயகி ஒரு சண்டைக்கும் இடம் கொடுத்தவள் இல்லை, அதுதான் பெரிய தொந்தரவு. விடியற்காலையில் எழுந்து நடப்பாள், சமைப்பாள், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவாள். சாயங்காலம் வந்து மாவரைத்துக்கொண்டே சித்தார்த்துக்குக் கெமிஸ்ட்ரி கேள்வி கேட்பாள். "அண்ணி ஆபீஸையும் பாத்துக்கிட்டு வீட்டையும் இப்பிடி வச்சிருக்காங்க. நீ வீட்டுலதான இருக்க?" என்று உத்திராபதி சொல்லாத மாதம் கிடையாது. வீட்டில் இருப்பவளுக்கு நாள் எப்படிப் போகிறதென்று வீட்டில் இருந்து பார்த்தால்தானே தெரியும்.

காலி தூக்கோடு வெண்மதி அடுக்களைக்குத் திரும்பினாள். அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பெரியநாயகியின் குண்டு குண்டான எழுத்து. 4.40 எழுந்திருப்பது. 5 மணி நடை. 9 மணிக்கு மேல் போன் கிடையாது. கோபம் வந்தால் முதலில் ஒரு சொம்பு தண்ணீர். அதற்குக் கீழே வாரம் முழுவதற்குமான சமையல். செவ்வாய்க்கு நேராக, 'கொத்சு, வெண்மதி சொன்னபடி' என்றிருந்தது. ஞாயிறுக்கு நேராக, '11 மணி, வெண்மதிக்கு போன்.'

வெண்மதிக்குச் சுருக்கென்றது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்த அந்த போன், ரேஷன் கடைக்குப் போவது மாதிரி அட்டவணையில் போட்டுச் செய்த வேலையா? என்னையும் ஒரு வேலையாக எழுதி வைத்திருக்கிறாளே!

செவ்வாய் வரியை அவள் மறுபடி படிக்கவில்லை. அதைப் படித்தால் வேறொன்று ஞாபகம் வரும்.

அவளிடம் தனக்கென்று இருந்தது அந்தக் கொத்சு ஒன்றுதான். கத்திரிக்காயைச் சுட்டு மசித்து, புளி விட்டுக் கொதிக்கவைத்து, இறக்கும்போது மல்லி விதையும் கடலைப்பருப்பும் வறுத்துப் பொடித்த பொடியைத் தூவுவாள். தெரு முனை வரைக்கும் வாசனை போகும். சித்தார்த் கடலூருக்கு வந்த முதல் மாதம் பெரியநாயகி போன் செய்தாள். "உன் கொத்சுன்னா உசுராமே அவனுக்கு. எப்பிடி செய்யறன்னு சொல்லு, எழுதிக்கிறேன்." வெண்மதி எல்லாம் சொன்னாள், பொடியை மட்டும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து, "இன்னாமோ ஒண்ணு கொறையுதே வெண்மதி" என்று கேட்டபோதும், "அது கடலூர்க் கத்திரிக்கா, அக்கா. அதுல ருசி அவ்ளோதான் வரும்" என்று கூசாமல் சொன்னாள். அதற்குப் பிறகு பெரியநாயகி கேட்கவில்லை. நம்பிவிட்டாள் என்று வெண்மதி ரகசியமாகச் சந்தோஷப்பட்டாள்.

மேடையில் இரண்டு பாக்ஸ்தான் இருந்தது. அன்பரசுவுடையது ஒன்று, செத்தவளுடையது ஒன்று. இரண்டிலும் மிளகு போட்ட சம்பா சாதமும் கொத்சும். இரண்டையும் கொண்டுபோய்க் கொட்டினாள். மூன்றாவது எங்கே என்று தேடிக் கூடத்துக்கு வந்தாள்.

கூடத்தில் நிற்க இடமில்லை. ஷேர் ஆட்டோவில் ஊர் ஊராக வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். "எழுந்து நடக்க முடியாதுன்னு வாசல்லயே வந்து கையெழுத்துப் போட்டுக் குடுத்தியே, எம்மா" என்று ஒரு கிழவி ஐஸ் பெட்டியைத் தட்டித் தட்டி அழுதாள். நமக்கு இப்படி யார் வருவார்கள் என்று வெண்மதிக்கு மனசில் ஓடியது. பிணத்தைப் பார்த்துப் பொறாமைப்படுகிற முதல் பொம்பளை நானாகத்தான் இருப்பேன் என்றும் ஓடியது. அந்த வெட்கத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பார்த்தவர்கள் அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

சித்தார்த் பெட்டியின் தலைமாட்டில் யூனிபார்மோடு உட்கார்ந்திருந்தான். ஸ்கூல் பை மடியில் இருந்தது.

"சித்து, பெரியம்மா கட்டுன பாக்ஸ் பைக்குள்ள இருக்குதா? குடு. சாவு வூட்டுல வச்சிருக்கக் கூடாது."

அவன் பையை இன்னும் இறுக்கிக்கொண்டான். அம்மாவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. போன வருடம் அவளுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு ஞாயிறு வந்து பார்த்துவிட்டு, மறுநாள் டெஸ்ட் இருக்கிறதென்று மாலை பஸ்ஸுக்கே போனவன் இவன்.

மூன்று மணிக்குப் பாடை கட்டி முடித்தார்கள். இருசம்மாள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஆம்பளப் புள்ள இல்லாத மவராசி. சித்தார்த்து கொள்ளிச் சட்டி எடுக்கட்டும். பெத்த புள்ளையாட்டந்தான வச்சிருந்தா" என்றாள்.

சித்தார்த் எழுந்தே விட்டான். "நான் எடுக்கறேன் ஆயா."

வெண்மதிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு தாய்க்குப் பிள்ளை செய்கிற கடைசிக் காரியம் அது. அதையும் இவள் முதலில் வாங்கிக்கொண்டு போகப் போகிறாளா?

"அது எப்பிடி அத்தை? தாய் தகப்பன் ரெண்டு பேரும் உசுரோட இருக்கற புள்ள, கொள்ளி தூக்கலாமா?"

"பெத்தவ மனசாரச் சரின்னு சொன்னா தூக்கறதுண்டு."

"நான் சம்மதிக்கல."

வாசலில் மேளக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்தினார்கள். உத்திராபதி தலையைக் குனிந்துகொண்டான். அன்பரசு கொஞ்ச நேரம் வெண்மதியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பிறகு இருசம்மாள் பக்கம் திரும்பினார். "வேணாம் சின்னம்மா. சின்னப் புள்ளைய எதுக்கு? எம் பொண்டாட்டிக்கு நானே வச்சிக்கறேன்" என்று சொல்லித் துண்டை இடுப்பில் கட்டினார்.

பாடை தெரு திரும்புகிற வரைக்கும் வெண்மதி வாசலில் நின்றாள். நல்லவேளை, இந்த ஒன்றிலாவது விட்டுக்கொடுக்கவில்லை. இத்தனை வருடத்தில் பெரியநாயகியிடம் அவள் ஜெயித்தது இதுதான் முதல் தடவை. வீட்டைக் கழுவிவிடும்போது துடைப்பம் வழக்கத்தைவிட வேகமாகப் போனது.

ஆண்கள் சுடுகாட்டிலிருந்து குளித்துவிட்டுத் திரும்பியபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பிரிசில்லா அண்டாவில் சாம்பார் சாதம் கொண்டுவந்து இறக்கினாள். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள், சித்தார்த்தைத் தவிர. வெண்மதி தட்டில் சாதம் போட்டுக்கொண்டு புழக்கடைக்குப் போனாள். அவன் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, ஈரத்தலையோடு, அந்த மூன்றாவது பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அதத் தூக்கிப் போட்டுட்டு இதச் சாப்புடு, சித்து. காலையில கட்டுனது."

"கெட்டுப் போகல."

அவள் தட்டோடு நின்றாள். அவன் ஒவ்வொரு வாயாக, தீர்ந்துவிடுமே என்பது போலச் சாப்பிட்டான். பிறகு பாக்ஸை அவள் பக்கம் நீட்டினான்.

"ஒரு வாய் தின்னு பாரேன். ரெண்டு வருசத்துல ஒரு தடவகூட நீ பெரியம்மா கொத்சு சாப்புட்டதில்ல."

வேண்டாமென்றுதான் சொல்ல நினைத்தாள். கை தானாகப் போய் ஒரு பிடி எடுத்தது. சுட்ட வாசனை சரியாக இருந்தது, புளியும் அளவு. முடிவில் வர வேண்டியது வரவில்லை.

"பொடி இல்ல" என்றாள். வாயிலிருந்து விழுந்துவிட்டது.

"தெரியும்."

"இன்னா தெரியும்?"

"நீ மல்லி வறுத்துப் போடுவல்ல? அது இல்லன்னு மொத வாரமே தெரியும். பெரியம்மா இன்னாமோ கொறையுது, இன்னாமோ கொறையுதுன்னு சொல்லிக்கினே இருந்தாங்க. நாந்தான் சொன்னேன், அம்மா ஒரு பொடி தூவுவாங்கன்னு."

"அதுக்கு அவ இன்னா சொன்னா?"

"சிரிச்சாங்க. 'ஒங்கம்மா எங்கிட்ட சொல்லலன்னா அது ஒங்கம்மாவுதுடா. அது வேணும்னா சிதம்பரத்துக்குப் போயி ஒங்கம்மா கையால சாப்புட்டு வா. புள்ளையயும் அழைச்சுக்கினு வந்துட்டு அதயும் எடுத்துக்க முடியுமா'ன்னாங்க. அதுக்கு அப்பறம் கொறையுதுன்னு சொல்லவே இல்ல."

அவன் பாக்ஸை வழித்துச் சாப்பிட்டான். எழுந்துபோய்க் குழாயடியில் தேய்த்துக் கழுவி, உதறிக் கவிழ்த்து வைத்தான். சிதம்பரத்தில் தின்ற தட்டை நகர்த்தி வைக்காத பிள்ளை.

வெண்மதிக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. செத்து, எரிந்த பிறகும் விடமாட்டேன் என்கிறாளே! ஆத்திரம் அடங்கியதும், மத்தியானம் பாடைக்கு முன்னால் தான் சொன்ன இரண்டு வார்த்தை காதில் திரும்பக் கேட்டது. அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். தட்டில் சாதம் ஆறிப்போய் மேலே ஆடை கட்டியது.

மறுநாள் காலை அவள் 4.40க்கு எழுந்திருக்க நினைத்திருந்தாள். விழிப்பு வந்தபோது ஐந்தரை ஆகியிருந்தது. குளித்துவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். பிரிட்ஜில் கத்திரிக்காய் ஆறேழு இருந்தது. பச்சைக் காயைக் கொட்டச் சொல்லி யாரும் சொல்லவில்லை. சுட்டு, உரித்து, மசித்தாள். கொதி வந்ததும் வாணலியில் மல்லியை வறுத்தாள். கூடத்தில் படுத்திருந்த சுவேதா தலையைத் தூக்கி, "இன்னா சித்தி வாசன? எங்க வூட்டுல இந்த வாசன வந்ததே இல்லியே" என்றாள்.

"படுத்துக்கம்மா" என்று மட்டும் சொன்னாள் வெண்மதி.

இருசம்மாள் எட்டிப் பார்த்தாள். "பால் தெளிக்கப் போறாங்க. படைக்கறதுக்கு அவளுக்குப் புடிச்சது எதனா செய்யணுமே."

"செஞ்சிட்டேன் அத்தை."

கவிழ்த்து வைத்திருந்த பாக்ஸை நிமிர்த்தித் துடைத்து, சாதத்தையும் கொத்சுவையும் அதில் வைத்தாள். பொடியை மேலே இன்னொரு முறை தூவி மூடினாள். வாசலில் அன்பரசு பால் சொம்போடு பைக்கில் உட்கார்ந்திருந்தார். சித்தார்த் ஒதுங்கிச் சுவரோரம் நின்றான்.

"நீயும் போ" என்றாள் வெண்மதி. "மாமா, பாலச் சித்து ஊத்தட்டும். பதினாறாம் நாள் காரியமும் அவனே செய்யட்டும்."

அன்பரசு சொம்பை அவனிடம் நீட்டினார். வெண்மதி பாக்ஸைக் கொடுத்தாள். "இத அவகிட்ட வையி."

அவன் மூடியைக் கொஞ்சம் தூக்கினான். வாசனை வெளியே வந்தது. அம்மாவை நிமிர்ந்து பார்த்தான்.

"எல்லாம் கடலூர்க் கத்திரிக்காதான்" என்றாள் அவள், தெருவைப் பார்த்துக்கொண்டு.

அவன் மூடியை அழுத்தி மூடி, ஒரு கையில் சொம்பும் மடியில் பாக்ஸுமாகப் பின்னால் ஏறி உட்கார்ந்தான். வண்டி சத்தம் மறைந்ததும் வெண்மதி அடுக்களைக்கு வந்தாள். வாணலியின் ஓரத்தில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நாக்கில் வைத்தாள். சிதம்பரத்தில் ஒரு நாளும் அது இவ்வளவு நன்றாக வந்ததில்லை.