‘ஆச்சு’ என்று சொன்ன டிஸ்க்

அந்த அலுவலகத்தில் டிஸ்குக்கு டிரைவர் எழுதுகிறவர்கள், அதைச் சோதித்துப் பார்க்கத் தங்கள் சொந்த ஞாபகங்களைத்தான் வைக்க வேண்டும். அடுத்தவர் ஞாபகமோ இரவல் வாங்கிய ஞாபகமோ செல்லாது. ஒரு காலத்தில் வாய்க்கு வந்த எண்களை எழுதிவைத்துச் சோதித்தார்களாம். எண்கள் தொலைந்தால் யாருக்கும் வயிறு எரியவில்லை, அதனால் டிரைவர்களும் அந்த லட்சணத்தில்தான் இருந்தன. சொந்த ஞாபகம் என்று வந்த பிறகு எல்லோரும் கொஞ்சம் பொறுப்பாக எழுத ஆரம்பித்தார்கள்.

ஜெபக்கனி அங்கே சேர்ந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. கெர்னல் என்பது கணினியின் அடிவயிறு. அதற்குள் உட்கார்ந்துகொண்டு டிஸ்கோடு பேசுகிற பகுதிக்குத்தான் டிரைவர் என்று பெயர். மேலே இருக்கிற நிரல்கள் “இதை எழுதி வை” என்று எதையாவது நீட்டும். டிரைவர் அதை வாங்கி டிஸ்கிடம் கொடுத்துவிட்டு, “எழுதியாச்சா?” என்று கேட்கும். டிஸ்க் “ஆச்சு” என்றால், அதை மேலே போய்ச் சொல்லும். கேட்பதற்குத் தபால்காரர் வேலை மாதிரி இருக்கும். ஆனால் அங்கே ஒரு வரி பிசகினால் மொத்த இயந்திரமும் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். ஜெபக்கனிக்கு அந்த வேலை மிகவும் பிடிக்கும். மேல்மாடியில் திரைக்குக் கலர் பார்த்துக்கொண்டிருப்பவர்களிடம் அவளுக்குச் சற்று இளக்காரம்கூட உண்டு.

ஞாபகத்தை டிஸ்குக்கு மாற்றும்போது தலைக்குள் நகல் எதையும் மிச்சம் வைக்கக் கூடாது. டிஸ்க் “ஆச்சு” என்றதும் பூபதி சுவரிலிருந்து ப்ளக்கைப் பிடுங்குவார். மின்சாரம் திடீரென்று போனாலும் எழுதியது நிலைக்கிறதா என்று பார்க்க வேண்டுமே. பூபதிக்கு வேலையே அதுதான். அரக்கோணத்திலிருந்து ரயிலில் வந்து, ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, ரயிலில் திரும்பிப் போவார். பிறகு இயந்திரத்தைக் கிளப்பி ஞாபகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வராவிட்டால் அரை நாள் விடுப்பு தருவார்கள்.

குழுத்தலைவர் முகைதீன், முன்பு ஒரு டிஸ்கில் சைக்கிள் ஓட்டுவதைத் தொலைத்தவர். சைக்கிளின் மேல் அவருக்கு ஒரு கோபமும் கிடையாது. தினமும் அதைத் தள்ளிக்கொண்டே அலுவலகத்துக்கு நடந்து வருகிறார்.

இந்த முறை வந்தது ஒரகடத்துத் தொழிற்சாலையில் செய்த புது டிஸ்க். பார்க்க அடக்கமாக இருந்தது, சத்தமே கிடையாது. கூட வந்த கையேடு மட்டும் வெளிநாட்டில் எழுதியது. டிஸ்கின் வாசலில் ஒரு சின்னத் தட்டு உண்டு என்றும், வருவதையெல்லாம் அது முதலில் தட்டில் வாங்கி வைத்துக்கொண்டு பிறகுதான் உள்ளே எழுதும் என்றும் கையேடு சொன்னது. மின்சாரம் போனால் உள்ளே எழுதியது நிலைக்கும், தட்டில் இருப்பது போய்விடும். ஆகவே எழுதியாச்சா என்று ஒரு முறை கேட்கவும். ‘இல்லை’ என்று பதில் வந்தால் டிஸ்க் பழுது என்று அறிவித்துத் தூக்கிப் போடவும். ஜெபக்கனி கையேட்டை அப்படியே பின்பற்றி டிரைவரை எழுதினாள்.

முதலில் போனால் போகட்டும் என்கிற மாதிரியான ஞாபகங்களை வைத்தாள். பழைய பஸ் எண்கள் வைத்தாள். தூரத்துச் சொந்தக்காரர் கல்யாணத்தில் பாயசத்துக்காக நடந்த சண்டையை வைத்தாள். டிஸ்க் ஒவ்வொரு முறையும் பணிவாக “ஆச்சு” என்றது. பூபதி பிடுங்கினார். சில வந்தன, பல வரவில்லை.

“நேத்து வேதியியல் வெச்சிருந்தீங்க. வந்துச்சாம்மா?” என்று முகைதீன் கேட்டார்.

“அப்படி ஒண்ணு இருக்கா சார்?” என்றாள் ஜெபக்கனி.

முகைதீன் அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்தார்.

தவறு எங்கே என்று தேடுவதில் அவள் தலையைப் பிய்த்துக்கொண்டாள். டிஸ்குக்குப் போகும் வரிசையைப் பார்த்தாள். இரண்டு வேலைகள் ஒரே இடத்தில் கை வைத்து இடித்துக்கொள்கின்றனவா என்று பார்த்தாள். கடைசியில், டிஸ்க் என்ன சொல்கிறது என்று அடிக்கடி கேட்டுத் திரையில் அச்சிடும்படி இரண்டு வரிகள் சேர்த்தாள். வைத்த ஞாபகம் எல்லாம் குறையில்லாமல் வந்தது, அந்தச் சந்தோஷத்தில் அச்சானதை அவள் படிக்கவே இல்லை. அந்த வரிகளை எடுத்தாள். மறுபடியும் காணாமல் போனது. தேடினால் தவறு இல்லை, தேடாமல் விட்டால் தவறு இருக்கிறது. இந்தத் தொழிலில் இது புதிதல்ல, ஆனாலும் அவளுக்கு அழுகையாக வந்தது.

வியாழக்கிழமை எங்கோ இரண்டு வரிகளை முன்பின்னாக மாற்றிவைத்தாள். அன்று வைத்ததெல்லாம் திரும்பி வந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். உண்மையில் எதுவும் சரியாகவில்லை. அன்று பூபதிக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. “ஆச்சாப்பா? ஆச்சா?” என்று டிஸ்கிடம் அவராகவே ஒன்றிரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் ப்ளக்கில் கை வைத்தார். அதை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, வெளியீட்டுச் சோதனை. அதற்கு மட்டமான ஞாபகம் எடுபடாது. தொலைந்தால் தாங்க முடியாது என்கிற ஒன்றைத்தான் வைக்க வேண்டும். முகைதீன் முந்தின நாளே அதைச் சொல்லச் சொல்லிக் கேட்பார். சொல்லும்போது குரல் கம்ம வேண்டும். ஜெபக்கனி முதலில் கல்லூரியில் பதக்கம் வாங்கியதைச் சொன்னாள். குரல் கணீரென்று இருந்தது.

“இது பத்தாதும்மா” என்றார் முகைதீன்.

அப்போதுதான் அவள், கணவன் செல்வின் தன்னைப் பெண் பார்க்க வந்த நாளைச் சொன்னாள். தூத்துக்குடியிலிருந்து சாயர்புரத்துக்கு அவனும் அவன் அம்மாவும் வந்திருந்தார்கள். வழியில் பஸ் பழுதாகி மதியச் சாப்பாடு கிடைக்கவில்லை. “சாப்ட்டீங்களா?” என்று அவள் கேட்டதற்கு “ஆச்சுங்க” என்றான். ஜெபத்துக்கு எல்லோரும் கண்ணை மூடியிருந்தபோது அவன் வயிறு இரைந்தது கூடம் முழுக்கக் கேட்டது. ஆமென் சொன்ன கையோடு இன்னொரு தடவை கேட்டாள். “ஆச்சு, ஆச்சு” என்றான். அவள் அடுக்களைக்குப் போய் இடியாப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் கொண்டுவந்து வைத்துவிட்டு மூன்றாவது தடவை கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு “இல்ல” என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் அவனைக் கட்டிக்கொண்டாள்.

இதைச் சொல்லும்போதே அவளுக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். பாவம், குரல் கம்முகிறதா என்பதிலேயே அவள் கவனம் இருந்தது. நன்றாகவே கம்மியது. முகைதீன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சரி என்றார்.

செல்வின் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்க்கிறான். அன்று சாயங்காலம் அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். இருவருக்கும் பொதுவான ஞாபகம், கேட்காமல் வைப்பது முறையல்ல.

“அத்தான், நாளைக்கு அந்த இடியாப்ப நாள வைக்கப் போறேன்.”

“போயிருச்சுன்னா?” என்றான்.

“போகாது.”

“போனா நான் சொல்லுதேன்.”

“நீங்க சொன்னா அது உங்க ஞாபகம் அத்தான். எனக்குள்ள இருக்காது.”

“செரி. அப்ப கெட்டியா எழுது” என்றான்.

மறுநாள் மதியம் ஞாபகம் டிஸ்குக்குப் போய்ச் சேர்ந்தது. ஜெபக்கனிக்கு அடிவயிற்றில் லேசாக ஒரு காலியிடம் தெரிந்தது. அது பசியாகவும் இருக்கலாம், காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. டிரைவர் “எழுதியாச்சா?” என்று கேட்டது. டிஸ்க் “ஆச்சு” என்றது. பூபதி ப்ளக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

“புடுங்கட்டுமா மேடம்?”

அவள் தலையாட்டப் போன சமயத்தில் தொலைபேசி அடித்தது. திரையில் ‘அத்தான்’ என்று இருந்தது. அவன் பெயர் செல்வின் என்று அவளுக்குத் தெரியும். கல்யாணம் எந்தச் சர்ச்சில் நடந்தது என்றும் தெரியும். இவரை ஏன் கட்டிக்கொண்டோம் என்பது மட்டும் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தாள். ஆள் நல்லவர் மாதிரிதான் இருந்தது. பூபதியைப் பார்த்து ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டிவிட்டு எடுத்தாள்.

“சாப்ட்டியா?” என்றான் செல்வின்.

“ஆச்சு அத்தான்.”

“ஏட்டி, சாப்ட்டியா?”

“ஆச்சுன்னு சொல்லுதேம்லா. இங்க சோதன ஓடிக்கிட்டு இருக்கு.”

“கனி, சாப்ட்டியா?”

மூன்றாவது தடவை அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான். அவசரப்படுத்தாமல், பதில் எதுவாக இருந்தாலும் சரி என்பது போலக் கேட்டான்.

“இல்ல” என்றாள்.

“அப்பிடிச் சொல்லு. எதுக்கு மூணு தடவ கேக்கேன்னு தெரியுதா?”

“தெரியல.”

“தெரியாதுதான். அது அந்தப் பெட்டிக்குள்ளல்லா கெடக்கு. எனக்கு இப்பிடிக் கேக்கச் சொல்லித் தந்ததே நீதான்” என்று சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான்.

ஜெபக்கனி டிஸ்கைப் பார்த்தாள். அது சத்தம் காட்டாமல், யாருக்கும் தொந்தரவு இல்லாமல், மேசை ஓரத்தில் இருந்தது. ஒரகடத்தில் பிறந்து வளர்ந்த டிஸ்க். ஒரு தடவை கேட்டால் என்ன சொல்லும்? அச்சிடும் வரிகள் சேர்த்தபோது ஏன் எல்லாம் வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. அந்த இரண்டு வரிகளும் டிஸ்கை மறுபடி மறுபடி கேட்டிருக்கின்றன. அவள்தான் கையேட்டை நம்பி, ஒரே ஒரு தடவை கேட்டு, அது மரியாதைக்குச் சொன்ன ‘ஆச்சு’வை நிஜம் என்று எடுத்துக்கொண்டுவிட்டாள். அதுவும், ‘இல்லை’ என்று சொன்னால் தூக்கிப் போட்டுவிடுவோம் என்று மிரட்டி வைத்துக்கொண்டு. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“பூபதி அண்ணா, கைய எடுங்க.”

“ரயிலு மேடம்” என்றார் பூபதி. ஆனாலும் கையை எடுத்துவிட்டார்.

மின்சாரத்தைத் தொடாமலேயே டிரைவரை மட்டும் கழற்றி மாற்ற முடியும். அவள் நின்றுகொண்டே புது வரிகளைச் சேர்த்தாள். ஆச்சு என்றால் மறுபடி கேள். அதற்கும் ஆச்சு என்றால், கொஞ்சம் பொறுத்து, இன்னொரு தடவை கேள். இல்லை என்று வந்தால் பழுது என்று அறிவிக்காதே, எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே இரு. டிரைவரை மாட்டிவிட்டு, முகைதீனும் அவளும் பூபதியும் திரையைப் பார்த்தார்கள்.

எழுதியாச்சா? ஆச்சு.

எழுதியாச்சா? ஆச்சு, ஆச்சு.

டிரைவர் கொஞ்சம் பொறுத்தது. பிறகு மூன்றாவது தடவையாகக் கேட்டது. டிஸ்கின் முகப்பு விளக்கு ஒரு தடவை மங்கி எரிந்தது.

“இல்ல” என்றது.

யாரும் அதை ஒன்றும் சொல்லவில்லை. முகைதீன் பரவாயில்லை என்பது போல டிஸ்கின் மேல் லேசாகத் தட்டிக்கொடுத்தார். டிஸ்க் முதல்முறையாகச் சத்தம் போட்டு எழுத ஆரம்பித்தது. தட்டில் அத்தனை நாளும் தேங்கியிருந்த கூச்சமெல்லாம் போய், கடகடவென்று எழுதியது. எழுதி முடித்துவிட்டு, யாரும் கேட்காமல் தானாகவே “இப்ப ஆச்சு” என்றது.

பூபதி பிடுங்கினார். திரை இருண்டது. ஜெபக்கனி மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்த ஒரு நாள் இல்லாமல் மிச்ச வாழ்க்கையை எப்படிக் கணக்குப் போடுவது என்று அவளுக்குப் பயமாக இருந்தது. முகைதீன் இயந்திரத்தை மறுபடி கிளப்பினார்.

சாயர்புரத்து வீடு வந்தது. கூடம் வந்தது, ஆமென் வந்தது, வயிறு இரைந்த சத்தம் வந்தது. செல்வின் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தப் பக்கம் அவன் அம்மா இருந்தார். இந்தப் பக்க நாற்காலியில் டிஸ்க் இருந்தது. அதன் முன்னாலும் ஒரு தட்டில் இடியாப்பம் வைத்திருந்தாள்.

“எல்லாம் வந்துச்சாம்மா?” என்று முகைதீன் கேட்டார்.

“வந்திருச்சு சார்.”

“சொல்லுங்க பாப்போம்.”

சொன்னாள். முன்பைவிட அதிகமாகவே குரல் கம்மியது. டிரைவரை வெளியிடலாம் என்று சொல்லிவிட்டு முகைதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பூபதியை ரயில் நிலையம்வரை கொண்டுவிடப் போனார்.

ஜெபக்கனி கேன்டீனில் எலுமிச்சைச் சாதம் வாங்கிச் சாப்பிட்டாள். கையைக் கழுவிவிட்டுச் செல்வினைக் கூப்பிட்டாள்.

“அத்தான், ஞாபகம் பத்திரமா வந்துட்டு. இப்ப சாப்ட்டும் ஆச்சு. நெசம்மாவே ஆச்சு.”

“நல்லது” என்றான்.

“அன்னைக்கு வீட்டுக்கு யாரெல்லாம் வந்தீங்க?”

“நான், அம்மா, டிஸ்க். மூணு பேருதான்.”

“அதுவும் மதியம் சாப்பிடலையோ?”

“எங்க கூடத்தான பஸ்ல வந்துச்சு, அது மட்டும் எங்க போயிச் சாப்பிடும்? நீ மூணாவது தடவ கேட்டப்போ மொதல்ல ‘இல்ல’ன்னு சொன்னதே அதுதான். அதுக்கப்பறந்தான் எனக்குத் தைரியம் வந்துச்சு.”

“ஆமா” என்றாள் ஜெபக்கனி. “சொதிகூட ரெண்டாந்தடவ கேட்டு வாங்குச்சு.”