மரத்தில் இருந்த காய்

கலியோபியின் தோப்போரம் டிராக்டர் உறுமிக்கொண்டு நின்றது. பின்னால் டேங்க் நிறைய பூச்சிமருந்து. ஓட்டிவந்த மதியோஸ் பக்கத்துத் தோப்புக்காரன், அவள் மகளுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவால் அவன் அவளைக் கும்பாரா என்பான், அவள் அவனைக் கும்பாரே என்பாள். சண்டையிலும் அது மாறாது.

கொண்டுவந்த வாளியைக் கல்மேசையில் கவிழ்த்தான். சுருங்கிய ஒலிவக்காய்கள் உருண்டன.

"உன் மரத்தடியில பொறுக்கினது, கும்பாரா. எல்லாத்துலயும் ஓட்டை. ஈ வந்தாச்சு. இனிமே என்ன பேச்சு?"

பேச்சு வசந்தத்திலேயே முடிந்திருந்தது. காய்க்குள் முட்டையிடும் அந்த ஈயின் புழுவை யார் தோப்பில் உயிரோடு கண்டாலும் மருந்தடிக்க வேண்டும், இல்லையென்றால் அந்த வாரமே காயை இறக்கிவிட வேண்டும் என்று காப்பிக்கடையில் ஊரே ஒத்துக்கொண்டது. கலியோபியும் கை தூக்கியிருந்தாள். மருந்து பட்டால் அவள் எண்ணெய்க்குக் கிடைத்த 'இயற்கை விளைச்சல்' முத்திரை போய்விடும். இப்போதே இறக்கினாலோ, காயில் எண்ணெய் பாதிகூட ஏறியிருக்காது.

கத்தியையும் பூதக்கண்ணாடியையும் எடுத்தாள்.

"ஓட்டை எங்க இருக்குன்னு பாரு. காம்பு ஒட்டியிருந்த எடத்துல."

"ஓட்டை ஓட்டைதானே?"

காயை அறுத்தாள். சதை சுத்தமாக இருந்தது. கொட்டையை உடைத்தாள். உள்ளே பருப்பு இல்லை, தின்று தள்ளிய பொடிதான். இன்னொரு கொட்டைக்குள்ளிருந்து ஒரு புழு வெளியே வந்து மேசையில் நடந்தது.

"நடக்குது பாரு. தலை இருக்கு, கால் இருக்கு. இது அந்துப்பூச்சிப் புழு. கொட்டையைத் தின்னுட்டு காம்பு வழியா வெளிய வரும், காய் விழுந்துடும். ஈப்புழுவுக்குத் தலையும் கெடையாது, காலும் கெடையாது."

"தலையே இல்லாம திங்குதா? நம்ம ஊர்த் தலைவரோட இனமா இருக்கும்."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

"சரி, மரத்துல இருக்கறதைப் பறிச்சுப் பாரு. நான் மூக்குக்கண்ணாடி கொண்டுவரல. நீ சொன்னா சரி."

மரத்தைச் சுற்றிவந்து நான்கு பக்கமும் பறித்தாள். முதல் காயில் ஈ குத்திய பழுப்புத் தழும்பு. சீவிப் பார்த்தாள். அடியில் காய்ந்துபோன முட்டை.

"குத்து மட்டும்தான். ஆகஸ்ட் வெயில்ல வெந்துபோச்சு."

அடுத்ததும் அப்படியே. தப்பித்தோம் என்று நினைத்தாள். மூன்றாவது காயின் தோலில் வெளிறிய வட்டம் ஒன்று தெரிந்தது. அறுக்கும் முன்பே கலியோபிக்குத் தெரிந்துவிட்டது. வளர்ந்த புழு சதையைக் குடைந்து தோல்வரை வந்து, வெளியேறத் தோதாக மெல்லிய சவ்வு ஒன்றை மட்டும் விட்டுவைத்திருக்கும்.

அறுத்தாள். பழுப்பேறிய குடைவுக்குள் பால்நிறப் புழு. ஒரு முனை கூம்பி, அதில் இரண்டு கறுப்புக் கொக்கிகள். மறுமுனை மொட்டை, அதில் மூச்சுவிடும் இரண்டு புள்ளிகள். கால் இல்லை.

ஊசியால் தொட்டாள். அசையவில்லை. இதுவும் செத்ததுதானோ? வாயருகே கொண்டுபோய் மெல்ல ஊதினாள். கொக்கிகள் உள்ளே இழுத்துக்கொண்டன. உடம்பு வளைந்தது.

"என்ன தெரியுது?" என்றான் மதியோஸ். அவன் கண்ணுக்கு அது வெறும் வெள்ளைப் புள்ளி. செத்துப்போச்சு என்று சொன்னால் போதும், டிராக்டர் திரும்பிவிடும். அவள் நான்காவது காயை அறுத்தாள். அதிலும் ஒன்று நெளிந்தது.

"உயிரோட இருக்கு, கும்பாரே. மழை பெஞ்சு சூடு தணிஞ்சப்புறம் வச்ச முட்டை."

மதியோஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "அப்ப அடிச்சிடவா?"

"வேணாம். இறக்கிடறேன். இது வெளிய வர்றதுக்குள்ள ஆட்டிட்டா எண்ணெய் கெடாது."

"பாதிகூடத் தேறாதே, கும்பாரா."

"தேறாது."

அவன் போய் எஞ்சினை அணைத்தான். "மரத்தடியில விரிக்க உன்கிட்ட வலை போதுமா?"

அதற்குள் அவள் எண்ணெய் ஆலைக்காரனைப் போனில் பிடித்திருந்தாள்.

"இன்னும் தொட்டியே கழுவலையா? இன்னிக்கே கழுவு. நாளைக்குக் காய் வருது."