மகளுக்குக் கட்டிய வாடகை

கல்லடியில் வாவியைப் பார்த்த மேல்மாடியில் மூன்று அறை. சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை வெள்ளைக்காரரும் கொழும்புக்காரரும் வந்து தங்குவார்கள். காலையில் இடியப்பம், சொதி, மீன்பொரியல் எல்லாம் சீதேவிப்பிள்ளையின் கைதான். புருசன் செத்துப்போன பிறகு காப்பையும் சங்கிலியையும் விற்று அந்த மாடியைக் கட்டி எழுப்பினவளும் அவள்தான்.

வருமான வரிப் படிவம் வந்தபோது, ஒரு சொப்பிங் பை நிறையப் பற்றுச்சீட்டுகளோடு காத்தான்குடிக்குப் போனாள். அங்கே கணக்கு எழுதும் றிஸ்வி ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

"படுக்கை விரிப்பு, சலவை, சாப்பாட்டுச் சாமான் எல்லாம் செலவாக் கழிக்கலாம் அக்கா. கரண்ட் பில்லில மேல்மாடிப் பங்குதான். கீழ நீங்க பாக்கிற நாடகத்துக்குக் கழிவு இல்ல."

"நாடகம் பாக்க எனக்கு எங்க தம்பி நேரம்?"

"வீடு ஆர்ர பேர்ல?"

"மகள்ர பேர்ல. சீதனம்."

ஆர்த்திகாவுக்குக் கலியாணம் முடிந்து எட்டு வருசம். அப்போதே வீட்டு உறுதிப்பத்திரம் எழுதிக் கொடுத்தாயிற்று. அவள் புருசன் ரதீஸோடு கொழும்புப் பக்கம் வத்தளைக்குப் போனாள், தாய் அந்த வீட்டிலேயே இருந்தாள். இந்தப் பக்கத்தில் அதை யாரும் கேள்வி கேட்பதில்லை.

"அப்ப மகளுக்கு வாடகை குடுக்கிறீங்களா?"

சீதேவிப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. "பெத்த புள்ளைக்கு வாடகையா?"

"குடுத்தா அதையும் கழிக்கலாம். மாசம் அறுபதாயிரம் எண்டா வாற வருசம் உங்கட வரி நல்லாக் குறையும். மகளுக்கு வேற வருமானம் இல்லாட்டி அவவுக்கும் வரி வராது. ஆனா உண்மையாக் குடுக்கணும். ஒப்பந்தம் எழுதி, வங்கியால போகணும். சும்மா தாளில காட்டுற வேலை என்னட்ட வேணாம்."

போனால் மகளிடம்தானே போகிறது, திருப்பித் தந்துவிடுவாள் என்று சீதேவிப்பிள்ளை நினைத்தாள். மகளும் போனில் சரி என்றாள். மருமகன்தான் இடையில் புகுந்தான். "மாடிக் கணக்கு முழுக்க அனுப்புங்க மாமி, அப்பத்தானே ஒப்பந்தம் சரியா எழுதலாம்."

அனுப்பினாள். மாடி எவ்வளவு உழைக்கிறது என்பது அன்றைக்குத்தான் ரதீஸுக்குத் தெரிந்தது.

முதல் மாதம் போன பணம் அடுத்த நாளே திரும்பி வந்தது. இரண்டாம் மாதம் பாதி வந்தது. மூன்றாம் மாதம் பணம் வரவில்லை. லீசிங்கில் எடுத்த காரோடு மருமகன் நிற்கும் படம் வந்தது.

கார்த்திகையில் அடைமழை. வாவி நிறைந்து வாசல் ஒழுங்கை வரை தண்ணீர். அறைக்கு ஆளில்லை. சீதேவிப்பிள்ளையால் இரண்டு மாத வாடகை போட முடியவில்லை.

தைப்பொங்கலுக்கு மகளும் மருமகனும் வந்தார்கள். பொங்கல் ஆறுவதற்குள் ரதீஸ் தொடங்கினான்.

"மாமி, ரெண்டு மாசம் நிலுவை."

"ஆக்கள் வந்தாத் தாறன் மருமகன்."

"ஒப்பந்தத்தில அப்பிடி ஒண்டும் இல்லையே."

சீதேவிப்பிள்ளை மகளைப் பார்த்தாள். "அது வரிக்கு எழுதினது புள்ள. உனக்குத் தெரியாதா?"

"தெரியும்மா. ஆனா அந்தக் காசைக் காட்டித்தான் கார் எடுத்தது. மாசா மாசம் கட்டணுமே." ஆர்த்திகா வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே சொன்னாள்.

"நிலுவைய விடுங்க," என்றான் ரதீஸ். "சித்திரையில இருந்து மாடிய நானே நடத்துறன். நீங்க கீழ சும்மா இருங்க, வாடகை வேணாம். காலைச் சாப்பாட்டை மட்டும் பாத்துக் குடுங்க. சம்பளம் போடுறன்."

"என்ர நகையில கட்டின மாடி."

"வீடு வளவு ஆர்த்திகாட பேர்லதானே மாமி. நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க."

ஆர்த்திகா பழத்தோலை மடித்தாள், விரித்தாள்.

"எவ்வளவு சம்பளம்?" என்று கேட்டாள் சீதேவிப்பிள்ளை.

"முப்பது."

"நாப்பத்தஞ்சு. ஞாயித்துக்கிழமை லீவு."

"ஞாயித்துக்கிழமைதானே மாமி கூட ஆக்கள் நிப்பாங்க."

"அண்டைக்கு உங்கட பொண்டாட்டிய வந்து இடியப்பம் புழியச் சொல்லுங்க."

ஆர்த்திகா நிமிர்ந்து, "அம்மா," என்றாள்.

சீதேவிப்பிள்ளை மருமகனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அவன் என்ன விலை சொல்கிறான் என்று.